கியரைக் குறை... மூச்சை விடு! கல்வராயன் மலையில் சைக்கிளோடு ஒரு நாள்

1976-ம் ஆண்டு அக்டோபர் 21. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் மரின் கவுன்ட்டி என்ற மலைப்பகுதி. பழைய இரும்புச் சைக்கிள்களோடு சில இளைஞர்கள் மலை உச்சிக்கு ஏறினார்கள். சுமார் 1,300 அடி இறக்கம் கொண்ட மண்சாலையில் யார் முதலில் கீழே வந்து சேர்வது என்று ஒரு போட்டி வைத்தார்கள். 'ரீபேக்' என்று பெயர் பெற்ற அந்தப் பந்தயத்தில் இருந்துதான் 'மவுண்டன் பைக்' என்ற விஷயமே உலகத்துக்குப் பரவியது.

அதே 1976-ல்தான் நம் கல்வராயன் மலையிலும் ஒரு மாற்றம் நடந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 ஆண்டுகள் ஆன பிறகும் இந்த மலை ஜாகீர்தார்களின் கையில்தான் இருந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்கள். மலைமக்கள் அவர்களுக்கு வரி கொடுத்தார்கள். கூலியில்லாமல் வேலையும் செய்தார்கள். 1976-ல் தமிழக அரசு மலையைத் தன் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் சாலை, பள்ளி, பஸ் எல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏறத் தொடங்கின.

அந்தச் சாலையில்தான், பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் நான்கு பேர் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனோம்.

``அந்த மலைக்கா போறீங்க?''

நான்கு பேரில் ஒருத்தி நர்ஸ். ஒருவன் ஐ.டி-யில் வேலை பார்க்கிறான். இன்னொருவன் கள்ளக்குறிச்சிக்காரன், அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். நான்காவது நான். கல்லூரியில் ஆரம்பித்த நட்பு. வருடத்துக்கு ஒருமுறையாவது சைக்கிளோடு சந்திப்போம்.

இந்த முறை கல்வராயன் மலை என்று முடிவானதும், நர்ஸ் தோழியின் அம்மா கேட்ட முதல் கேள்வி, ``அந்தச் சாராய மலைக்கா?''

அவர் கேட்டதில் ஆச்சர்யம் இல்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். டி.வி-யில் அந்த நாள்களில் கல்வராயன் மலை என்றாலே ஊறல் பானைகளை உடைக்கும் காட்சிதான். அதையொட்டி, மலைமக்களின் வாழ்நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், கல்வி எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று அரசிடம் கேட்டது. சாராயச் செய்தியைப் பார்த்த அளவுக்கு இந்த வழக்கை யாரும் கவனிக்கவில்லை.

``எங்க ஊர்ப் பேரைச் சொன்னாலே இப்போ எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க மச்சான். மலைய வந்து பாத்துட்டுப் பேசுங்கடா'' என்று கள்ளக்குறிச்சி நண்பன் சொன்னதுதான் எங்களைக் கிளப்பியது.

கரும்பு வாசனையில் தொடக்கம்

சனிக்கிழமை இரவே கள்ளக்குறிச்சியில் தங்கிவிட்டோம். காலை 5:45-க்கு முன்விளக்கு, பின்விளக்கு இரண்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினோம். கச்சிராயபாளையம் வரை பெரிய ஏற்றம் கிடையாது. இரண்டு பக்கமும் கரும்பும் மக்காச்சோளமும். கரும்பு அரவைக் காலம் என்பதால் டிராக்டர்கள் வரிசை கட்டி வந்தன. கூட்டுறவு சர்க்கரை ஆலையை நெருங்கும்போது வெல்லப்பாகும் புகையும் கலந்த வாசனை மூக்கைத் துளைத்தது. ``காலைல சாப்பிடாம வந்தா இந்த வாசனையே போதும்டா'' என்றான் ஐ.டி நண்பன். இரண்டு இட்லிக்கடை தாண்டியதும் அவன்தான் முதலில் பிரேக் பிடித்தான்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் கோமுகி அணை. கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் கோமுகி ஆறாக இறங்கி இங்கே தேங்குகிறது. 46 அடி உயர அணை. சூரியன் எழும்பும் நேரத்தில் அணையின் தண்ணீருக்குப் பின்னால் மலை நீலமாக நிற்கிறது. 'இதில் ஏறப்போகிறோமா?' என்று வயிற்றுக்குள் ஏதோ செய்யும் இடம் இதுதான்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கல்வராயன். பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன், ஜவ்வாது மலை எல்லாம் இதன் பங்காளிகள். வடக்குப் பகுதியைச் சின்னக் கல்வராயன் என்பார்கள். சராசரியாக 2,700 அடி உயரம். தெற்கே பெரிய கல்வராயன். அது 4,000 அடியைத் தொடும். கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களுக்கு நடுவே பரந்து கிடக்கிறது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. இன்று கல்வராயன் மலை ஒரு தனி வட்டம், தலைமையிடம் வெள்ளிமலை.

ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர்

அணையைத் தாண்டி கொஞ்ச தூரத்தில் சாலை மூக்கைத் தூக்கிக்கொள்கிறது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. இங்கேதான் மவுண்டன் பைக் தன் வேலையைக் காட்டும்.

கணக்கு எளிது. நம் வீட்டுச் சாதாரண சைக்கிளில் பெடல் பக்கம் 44 பல், பின்சக்கரத்தில் 18 பல் இருக்கும். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். சமதளத்தில் அது சுகம். ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் உடல் எடையையும் வண்டி எடையையும் ஐந்து மீட்டர் இழுக்க வேண்டும். முட்டி கழன்றுவிடும்.

ஐ.டி நண்பனின் மவுண்டன் பைக்கில் முன்னால் 32 பல், பின்னால் இருப்பதிலேயே பெரிய சக்கரம் 50 பல். அந்தக் கியரில் ஒரு சுற்றுக்கு வண்டி ஒன்றரை மீட்டர்தான் நகரும். ஆமை வேகம். ஆனால், மிதிக்க வேண்டிய பலம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். மலையின் உயரம் குறைவதில்லை; அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிச் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

மலையேற்றத்தில் புதியவர்கள் பெரும்பாலும் முதல் வளைவிலேயே எல்லா பலத்தையும் காட்டிவிடுவார்கள். நர்ஸ் தோழி எங்களுக்குச் சொன்ன அளவுகோல் நல்லது: ``பக்கத்துல வர்றவங்களோட முழு வாக்கியம் பேச முடியணும். ரெண்டு வார்த்தைக்கு மேல பேச முடியலைன்னா வேகத்தைக் குறைங்க.'' அதைப் பரிசோதிக்கவே வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். ஐந்தாவது வளைவில் எல்லோரும் ஊமை ஆனோம்.

மேலே போகப் போக வெயில் ஏறியது. ஆனால் வெக்கை ஏறவில்லை. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்று பள்ளியில் படித்ததைத் தோல் இப்போதுதான் படித்தது. சாலையோரம் குரங்குகள். வாழைப்பழப் பையைப் பார்த்ததும் ஒரு குடும்பமே கூடவே வந்தது. கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அடுத்து வருபவரின் பையில் கை வைக்கும்.

பெரியார் அருவி இந்தச் சாலையில்தான் வருகிறது. மழைக்காலம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்ததால் தண்ணீர் மெலிந்து, பாறையில் வெள்ளைக் கோடாக இறங்கியது. முகம் கழுவி, கால் நனைத்து, பத்து நிமிடத்தில் கிளம்பினோம். பாறை இடுக்குகளில் உடைந்த பாட்டில்கள் கிடந்தன. குளிக்க வருபவர்கள் வெறுங்காலோடு இறங்கும் இடம் அது.

சாமைச் சோறும் பிங்க் கலர் சைக்கிளும்

வெள்ளிமலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் டீக்கடையைப் பார்த்ததும் நான்கு சைக்கிளும் தானாக நின்றன. ஓட்டுவீடு, முன்னால் பெஞ்ச், பின்னால் மரவள்ளிக் காடு. கடைக்கார அம்மா எங்கள் ஹெல்மெட்டையும் கால்சட்டையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

``பஸ்சுதான் வருதே தம்பி. எதுக்கு இம்புட்டு சிரமம்?''

நியாயமான கேள்வி. எங்கள் நான்கு பேரிடமும் பதில் இல்லை. டீ குடித்தோம்.

கல்வராயன் மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்து கேரளா என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சாமை, கேழ்வரகு, தினை என்று சிறுதானியம்தான் மலையின் பழைய சாப்பாடு. இப்போது பணப்பயிராக மரவள்ளி நிறைய. இங்கே பிடுங்கும் கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. நம் வீட்டுப் பாயசத்தில் இந்த மலையின் ஒரு கைப்பிடி இருக்கலாம். காட்டில் கடுக்காய் பொறுக்குவதும் ஒரு வருமானம். நெல்லிக்காய், தான்றிக்காயோடு சேர்ந்து திரிபலா ஆகும் அதே கடுக்காய்தான். இப்படிச் சேகரிக்கும் உரிமையையும், தலைமுறைகளாகப் பயிர் செய்யும் நிலத்தின் உரிமையையும் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடி மக்களுக்குத் தந்தது. இந்த மலையில் 'பட்டா வந்துச்சா?' என்பது 'சாப்டாச்சா?' மாதிரி சாதாரணக் கேள்வி.

அந்த அம்மா மதியத்துக்குச் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் செய்து தருவதாகச் சொன்னார். காத்திருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாளாம். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள். கேரியரில் மளிகைப் பை. ஏற்றத்தில் தள்ளிக்கொண்டே வந்தவள், எங்கள் வண்டிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

``அக்கா, இது எல்லா மேட்டுலயும் ஏறுமா?''

நர்ஸ் தோழி தன் சைக்கிளைக் கொடுத்து, ``ஏறிப் பாரு பாப்பா'' என்றாள். சீட்டைக் கீழே இறக்கி, கியர் மாற்றுவதை ஒரு நிமிடம் சொல்லிக்கொடுத்தோம். எங்களுக்கு மூச்சு வாங்கிய அதே மேட்டில் அவள் கால் ஊன்றாமல் போய்த் திரும்பினாள். ``தள்ளவே வேணாம்க்கா!'' என்றாள், நம்ப முடியாமல்.

2001-ல் பட்டியலின, பழங்குடியின மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு மாணவர்களுக்கும் விரிந்தது இந்த இலவச சைக்கிள் திட்டம். தமிழ்நாட்டில் எத்தனையோ பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுசேர்த்த வண்டி அது. ஆனால், கியர் இல்லாத வண்டி. சமதளத்து ஊருக்கு அது சரி. மலையில் இறக்கத்துக்கு மட்டும் சைக்கிள். ஏற்றத்துக்கு அது ஒரு சுமை. அந்தப் பெண் தினமும் பாதித் தூரம் சைக்கிளை ஓட்டுகிறாள். மீதித் தூரம் சைக்கிளைச் சுமக்கிறாள். மலைப்பள்ளிகளுக்கு மட்டுமாவது கியர் வைத்த சைக்கிள் கொடுத்தால் என்ன என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் நான்கு பேரும் பேசிக்கொண்டோம். யோசிக்க வேண்டியவர்களும் யோசிக்கலாம்.

மண்பாதையில் உடம்பே ஸ்பிரிங்

சாப்பாட்டுக்கு முன்பு, இரண்டு கிராமங்களை இணைக்கும் ஒரு மண்பாதையில் சுற்றிவிட்டு வந்தோம். காப்புக்காட்டுக்குள் போகவில்லை, ஆட்களும் டிராக்டரும் போய்வரும் ஊர்ப்பாதைதான். கூழாங்கல், மழை அரித்த பள்ளம், வேர்கள், நடுவே ஒரு சிற்றோடை. சைக்கிளுக்கு இதைவிட என்ன வேண்டும்!

மண்பாதையில் சீட்டில் உட்கார்ந்து ஓட்டினால் முதுகெலும்பு கணக்குக் கேட்கும். இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து, பின்பக்கத்தை லேசாகத் தூக்கி, முழங்கையையும் முட்டியையும் தளர்வாக மடக்கி நிற்க வேண்டும். வண்டி கீழே குதிக்கட்டும், உடம்பு மிதக்கட்டும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. பத்து, பதினைந்து அடி தள்ளிப் பாதையில் இருக்க வேண்டும். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்துக்குள்தான் போவோம்.

டயரில் காற்றும் குறைவாக இருக்க வேண்டும். சாலை ரேஸ் சைக்கிள் டயரில் 80, 90 பி.எஸ்.ஐ காற்று அடிப்பார்கள். அகலமான மவுண்டன் பைக் டயருக்கு 25 முதல் 30 வரை போதும். டயர் அமுங்கிக் கல்லைக் கவ்விப் பிடிக்கும். ஆனாலும் உன்னிமுள் யாரையும் விடாது. நண்பனின் பின் டயர் ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டது. ட்யூப் மாற்ற 15 நிமிடம். அதற்குள் ஊர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று, காற்றடிக்கும் உரிமையை முறை போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

இறங்குவதுதான் பரீட்சை

ஏறும்போது தோற்றால் மூச்சு வாங்கும், நிற்கலாம். இறங்கும்போது தோற்றால் நிற்க முடியாது. அதனால், இறங்குவதற்கு முன் நான்கு வண்டியின் பிரேக்கையும் சோதிப்பது எங்கள் வழக்கம். அந்தச் சோதனையில்தான் கள்ளக்குறிச்சி நண்பனின் சைக்கிள் மாட்டியது. அவன் ஓட்டியது வாடகை சைக்கிள். 'சர்வீஸ் முடித்தது' என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். பின் பிரேக் கட்டை தேய்ந்து, உலோகம் தெரிந்தது. ஒயரும் ஓர் இழை பிரிந்திருந்தது.

``முன் பிரேக்கை மட்டும் வெச்சு மெதுவா வந்துடுறேன்டா'' என்றான். சொந்த ஊர்க்காரன், எங்களைக் கூட்டிவந்தவன், வண்டியில் ஏறி இறங்குவதா என்ற ரோஷம்.

இங்கே ரீபேக் கதைக்கு வர வேண்டும். 1976-ல் அந்தக் கலிஃபோர்னியா இளைஞர்கள் ஓட்டிய சைக்கிள்களில், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் இருந்தது. இறக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டே வந்ததில் சக்கரத்தின் நடு உருளைக்குள் இருந்த கிரீஸ் சூடேறிப் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் கிரீஸைத் திரும்ப அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதுதான் 'ரீபேக்'. பந்தயத்தின் பெயரே பிரேக் தோற்றுப்போனதில் இருந்து வந்ததுதான்! கேரி ஃபிஷர் என்பவர் அந்தப் பாதையை 4 நிமிடம் 22 நொடியில் இறங்கிச் சாதனை படைத்தார். 1977-ல் ஜோ பிரீஸ் இந்த விளையாட்டுக்கென்றே புதிய சைக்கிளை உருவாக்கினார். 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்கிலும் சேர்ந்தது. 2023 அக்டோபரில் ஆசியப் போட்டி நம் பக்கத்து வீடான கேரளாவின் பொன்முடியில் நடந்தது. இத்தனை வளர்ந்த பிறகும் அடிப்படைப் பாடம் ஒன்றுதான்: நிறுத்த முடியாத வண்டியை ஓட்டாதே.

கொண்டை ஊசி வளைவில் ஒரு பிரேக்கை மட்டும் நம்பினால் இரண்டு ஆபத்து. தொடர்ந்து பிடிப்பதில் சூடேறி, பிடிமானம் குறையும். வளைவில் சட்டென்று முன் பிரேக்கை அழுத்தினால், சக்கரம் வழுக்கும் அல்லது ஆளையே முன்னால் தூக்கி வீசும். எதிரே மரவள்ளிக்கிழங்கு லாரி வந்தால் கேட்கவே வேண்டாம்.

நர்ஸ் தோழிதான் விவாதத்தை முடித்துவைத்தாள். ``போன மாசம் நைட் ட்யூட்டில ஒரு பையனைக் கொண்டுவந்தாங்க. அவனும் மெதுவாத்தான் வந்தேன்னு சொன்னான்.'' அதற்குமேல் யாரும் பேசவில்லை.

கிழங்கு மூட்டை ஏற்றிக் கீழே போய்க்கொண்டிருந்த ஒரு டாடா ஏஸ் நின்றது. சைக்கிளை மூட்டைக்கு மேலே படுக்கவைத்துக் கயிற்றால் கட்டினார் டிரைவர் அண்ணன். காசு வாங்க மறுத்துவிட்டார். நண்பனின் முகத்தைப் பார்த்து, ``இதுல என்ன தம்பி வெக்கம்? ரோடு வர்றதுக்கு முன்னாடி எங்க ஊர்ல நோயாளிய, புள்ளத்தாச்சிய, எல்லாம் தூளி கட்டித்தான் தோள்ல தூக்கிட்டு எறங்குவோம். இன்னமும் தார் ரோடு போவாத ஊரு மேல கெடக்கு. வண்டி கெடைக்குறதே பெருசு'' என்றார்.

நாங்கள் மூன்று பேரும் ஏஸுக்குப் பின்னால் இறங்கினோம். இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடித்து, எடையைப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து. காலையில் மணிக்கணக்கில் ஏறிய மலை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. கோமுகி அணையில் நண்பன் எங்களுக்கு முன்பே இறங்கி, நான்கு இளநீர் வெட்டச் சொல்லிவிட்டுக் காத்திருந்தான். ரோஷம் போயிருந்தது. ``டிரைவர் அண்ணன் சொன்ன கதையெல்லாம் நீங்க மிஸ் பண்ணிட்டீங்கடா'' என்றான்.

நீங்களும் போகிறீர்களா?

* எப்போது: மழைக்காலம் முடிந்து, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சுகம். கனமழை நாள்களில் வேண்டாம். ஓடையும் அருவியும் சட்டென்று பெருகும்.

* எந்த வழி: கள்ளக்குறிச்சி - கச்சிராயபாளையம் - கோமுகி அணை - வெள்ளிமலை. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு அரசுப் பேருந்தும் உண்டு. மலைக்கு மேலே கரியாலூரில் படகுக் குழாமும் பூங்காவும் இருக்கின்றன.

* எங்கே ஓட்டலாம்: தார்ச்சாலை, ஊர்களை இணைக்கும் பொதுப்பாதை. காப்புக்காட்டுக்குள்ளும் உள்ளடங்கிய அருவிகளுக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. 2018 மார்ச் 11-ல் தேனி குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறக்க வேண்டாம். கோடையில் இந்தக் காடும் காய்ந்துதான் கிடக்கும்.

* எடுத்துச்செல்ல: ஹெல்மெட், கையுறை, முன்-பின் விளக்கு, கூடுதல் ட்யூப், பம்ப், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ், கடலைமிட்டாய், முதலுதவிப் பெட்டி. சிக்னல் பல இடங்களில் இருக்காது. மேப்பை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

* கிளம்பும் முன்: வாடகை சைக்கிள் என்றால் பிரேக் கட்டையையும் ஒயரையும் உங்கள் கண்ணால் பாருங்கள். கடைக்காரர் வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள்.

* மேலே: ஊருக்குள் கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள். சாப்பாட்டையும் டீயையும் மலைக்கடைகளில் வாங்குங்கள். பாட்டில், கவர் எல்லாம் கொண்டுபோன பையிலேயே கீழே வரட்டும்.

கல்வராயன் மலையை ஊட்டி மாதிரி ஆக்க வேண்டும் என்று கோடை விழா நேரத்தில் மேடைகளில் பேசுவார்கள். மலைக்காரர்கள் எங்களிடம் கேட்டது அதைவிடச் சின்ன விஷயங்கள்: ஊர்வரைக்கும் ரோடு, நேரத்துக்கு வரும் பஸ், கைக்கு எட்டும் ஆஸ்பத்திரி. வாரக்கடைசியில் மேலே போகும் நமக்கு அது காட்சி. அங்கேயே இருப்பவர்களுக்கு அதே சாலைதான் பள்ளிக்கூடம், பிரசவம், கிழங்கு விலை எல்லாம். அந்த மலையைப் பற்றி இனி யாராவது பேச்செடுத்தால், சாராயத்தைத் தாண்டியும் சொல்ல எங்களிடம் நிறைய இருக்கிறது. தோழியின் அம்மா, தான் கொண்டுவந்து கொடுத்த ஒரு படி சாமையை என்ன செய்வது என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாராம். கொள்ளுக் குழம்பு வையுங்கள் அம்மா, தோதாக இருக்கும்.